இரண்டு விரல் நுனி

உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் நூற்று நாற்பத்தொரு சுவரொட்டிகளை விரித்து வைத்திருந்தார்கள். கடல் காற்று தூக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கூழாங்கற்கள். நடுவர் மூவரும் காலணிகளை வாசலில் விட்டுவிட்டு, காலுறையோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள்.

எண்பத்தேழாம் எண்ணுக்கு முன்னால் நடுவர் இன்-சுக் நின்றாள். உடனே அடுத்ததற்கு நகர்ந்தாள். தான் நின்றதை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம். சோங்போ துறைமுகத்தில் ஜூன் என்றால் இரண்டு. கணவாய் மீன் வரும், ஒற்றர் எச்சரிக்கைச் சுவரொட்டிப் போட்டி வரும். எல்லைக்கோடு வடக்கே ஒரு நாள் படகுத் தூரத்தில் இருந்தது; அதைத் தாண்டி ஒற்றர்கள் வருகிறார்கள் என்பது அரசின் எச்சரிக்கை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வரைவார்கள். முதல் பரிசு பெறும் படத்தைக் காவல் நிலையம் ஆயிரம் படி அச்சடித்து மின்கம்பங்கள், குளியல்கூடம், முடிதிருத்தும் கடை, மீன் ஏலக்கூடம் என்று ஓரிடம் விடாமல் ஒட்டும்.

இன்-சுக் நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. நான்கு வருடமாக நடுவர். இந்த வருடம் மதிப்பிடும் விதிகளையும் அவள்தான் எழுதினாள். ஒரு பக்கத் தாள். எல்லாப் பள்ளிகளுக்கும் போனது. பத்தடி தள்ளி நின்றால் ஒரே பார்வையில் விளங்க வேண்டும். பெரியது ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். மூன்று நிறம் போதும். வெற்றிடத்துக்குப் பயப்படாதீர்கள், ஓரத்தில் ஒரு விரற்கடையாவது விடுங்கள். கண் எங்கே தொடங்கினாலும் எழுத்தில் போய் முடிய வேண்டும். கடைசியாக, கேட்டதை வரையாதீர்கள், பார்த்ததை வரையுங்கள்.

அந்தக் கடைசி வரியை எழுதியபோது, ஒற்றன் என்றதும் பிள்ளைகள் வருடா வருடம் வரைந்து தள்ளும் ஓநாய்களைத்தான் நினைத்தாள்.

“ஓநாய் அம்பத்திரெண்டு,” என்று இரண்டாவது நடுவரான எம் எண்ணி முடித்தார். சினிமாக் கொட்டகைக்குப் பேனர் வரைகிறவர். “எல்லாமே எங்க வீட்டு நாயைப் பாத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. நாக்கு தொங்குது, வாலு ஆடுது. கடிக்கும்னு தோணல.”

“சிரிக்காதீங்க பெயிண்டர். பிள்ளைங்க மனசாரப் போட்டது,” என்றார் மூன்றாவது நடுவர், காவல் நிலையத்து சார்ஜென்ட் கூ.

“மனசாரத்தான் ஐயா. ஆனா நான் எதைப் பாக்க? ஓநாயையா, தீயையா, கொடியையா, முள்வேலியையா? நடந்துக்கிட்டே இதைப் பாக்குறவன் நேரா மின்கம்பத்துல போய் முட்டிக்குவான்.”

கூ சிரிக்கவில்லை. ஆப்பிள் தோட்டங்கள் உள்ள உள்நாட்டு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கையில் இன்-சுக்கின் தாள் இருந்தது. ஒவ்வொரு விதிக்கும் எதிரே சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து, நிமிர்ந்து, பத்தடி பின்னால் போய் நின்று, கட்டத்தில் குறி போட்டார். இதுவரை எந்த நடுவரும் அப்படிச் செய்ததில்லை.

எண்பத்தேழுக்கு வந்தார். நின்றார். பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார்.

“இங்க வாங்க,” என்றார்.

தாள் முழுக்கக் கருநீலம். கீழே வலது மூலையில் போர்வைக்குள் குந்தியிருக்கும் ஒரு முதுகு. போர்வைக்குள் சின்ன மஞ்சள் வெளிச்சம், ரேடியோவின் முகப்பு. அந்த வெளிச்சத்தில் பாதி முகமும் ஒரு கையும். கை குமிழைப் பிடித்திருந்தது. கையிலிருந்து கண் தானாக மேலே ஏறி, வெறும் நீலத்தைக் கடந்து, வெள்ளை எழுத்தில் போய் நின்றது. *விடியலில் கேட்பவன் யார்?* அதன் கீழ் 113, ஒற்றரைப் பற்றித் தகவல் சொல்லும் தொலைபேசி எண்.

நல்ல சுவரொட்டி. இன்-சுக் பெரியவர்களிடம்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அழுத்தமான இருட்டில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. கண் முதலில் அங்கே விழுகிறது, பிறகு கையில். கைதான் இந்தப் படத்தின் கீல். எல்லாம் அதில்தான் திரும்புகிறது.

அந்தக் கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நுனி இல்லை.

பே கில்-மன்னின் கை. தூண்டில் கயிறு சுற்றும் சக்கரத்தில் நுனிகளை இழந்த கை. அவர் வீட்டில்தான் இரண்டு வருடமாக இன்-சுக் வாடகைக்கு இருந்தாள். நடுவில் ஒரு மண்சுவர். தினமும் விடியற்காலை நாலு மணிச் சங்கு ஊதி ஊரடங்கு முடிந்ததும் அந்தச் சுவர் வழியாக ரேடியோ கேட்கும். கடல் வானிலை. மகள் மி-ரான் விழித்துவிடக் கூடாது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்பார். மி-ரானுக்குப் பத்து வயது. விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் மூடுபனியில் அவர் படகு வழிதவறியது. வடக்கே பிடித்துக்கொண்டுபோய் ஏழு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவரை இங்கே நாற்பது நாள் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. அப்படிப் போய் வந்தவர்களில் நான்கு பேரை, ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்து, ஏதோ ஒரு காலையில் ஒற்றர் என்று காவலர்கள் கூட்டிப் போனார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வடக்கே சோறு மோசமில்லை என்று சொன்னாராம். அவ்வளவுதான்.

தெரிந்தும் சொல்லாதவருக்கும் சட்டத்தில் தண்டனை இருந்தது.

“விடியக்காலைல போர்வைக்குள்ள ரேடியோ,” என்றார் கூ. “ஒற்றனைக் கண்டுபிடிக்க நாங்க குடுக்கற துண்டறிக்கையில முதல் அடையாளமே அதுதான், வடக்கு ஒலிபரப்பைக் கேக்குறவன். இந்தப் பிள்ளை படிச்சிருக்கு.”

இந்த ஊரில் நானூறு படகு, நானூறு ரேடியோ என்பது அவருக்குத் தெரியாது. ஆப்பிளுக்கு அலை உயரம் தேவையில்லை.

எம் அருகில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அடேயப்பா. எவன்யா இது? நான் இப்படி வரைஞ்சிருந்தா கொட்டகைக்காரன் எனக்குச் சம்பளம் ஏத்தியிருப்பான். அந்தக் கையப் பாருங்களேன், அந்தக் கை…”

நிறுத்தினார். கில்-மன்னின் படகுக்குப் பெயர் எழுதியதும் எம்தான்.

“கைக்கு என்ன?” என்றார் கூ.

“ஒண்ணுமில்ல. நல்லாருக்கு.”

மதியத்துக்குள் மூன்று படங்கள் மிஞ்சின. அவற்றைச் சுவரில் குத்தினார்கள். பன்னிரண்டு: ஒரு முஷ்டி. அறுபது: கலங்கரை விளக்கம். எண்பத்தேழு. பெயர்கள் பின்பக்கம் இருந்தன. பரிசு முடிவான பிறகுதான் திருப்ப வேண்டும்.

“எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றார் கூ. “எண்பத்தேழு. ஆறு விதி, ஆறுக்கும் குறி.”

ஆயிரம் படி, ஏலக்கூடத்தின் ஒவ்வொரு தூணிலும். இந்தக் கையை அடையாளம் தெரியாதவர் ஊரில் ஒருவர்தான்; அவர் இதோ நிற்கிறார். மற்ற யாராவது, என்றாவது ஒரு நாள், குடிபோதையிலோ பொறாமையிலோ சொன்னால் போதும்.

“அறுபது எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் இன்-சுக். குரல் சரியாகத்தான் வந்தது.

“கலங்கரை விளக்கமா? அதுல அஞ்சு நிறம் இருக்கு டீச்சர். மூணுக்கு மேல வேண்டாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“ஓரத்துல இடம் விட்டிருக்கு. எண்பத்தேழுல போர்வை விளிம்பு வரைக்கும் வந்து இடிக்குது.”

கூ பையிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்தார். “ரெண்டு விரற்கடை. விதியில ஒரு விரற்கடை போதும்னு போட்டிருக்கு.”

“ரொம்ப இருட்டு சார். மழை நாள்ல தெரியாது.”

அவர் எழுந்துபோய்க் கூடத்தின் சன்னல் திரைகளை இழுத்து மூடினார். திரும்பி வந்து பத்தடி தள்ளி நின்றார். முஷ்டி மறைந்துபோயிருந்தது. கலங்கரை விளக்கம் சாம்பலாகியிருந்தது. எண்பத்தேழில் அந்த மஞ்சளும் கையும் மட்டும் தெரிந்தன.

“இப்பத்தான் இன்னும் நல்லாத் தெரியுது,” என்றார் கூ.

இருட்டில் இன்-சுக் தன் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் சொல்ல உண்மை ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சொன்னாள்.

“சார், இதைப் பாத்தா உங்களுக்குப் பயமா இருக்கா?”

“என்ன?”

“ஒற்றனைப் பாத்தா பயம் வரணும். இது வேற மாதிரி இருக்கு. கோடெல்லாம் வளைவு, ஒரு கூர்கூட இல்ல. வெளிச்சம் முகத்துல இதமா விழுது. போர்வை நழுவுது பாருங்க, இழுத்து மூடிவிடலாமான்னு இருக்கு. பாக்குறவங்க அவனுக்காக வருத்தப்படுவாங்க.”

கூ பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரையை விலக்கினார். மறுபடி பார்த்தார்.

“ஆமா,” என்றார். முகம் வெளுத்திருந்தது. “ஆமா. இதை ஒட்டியிருந்தா என்னை எங்க அனுப்பியிருப்பாங்கன்னே தெரியாது.”

இன்-சுக் மூச்சு விட்டாள்.

“எந்த வீட்டுப் பிள்ளை ஒற்றனை இவ்வளவு பாசமா வரையும்?” என்று கேட்டுக்கொண்டே கூ சுவரை நோக்கி நடந்தார். குண்டூசியைப் பிடுங்கக் கை நீட்டினார்.

தன் வாயாலேயே சந்தேகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“திருப்பாதீங்க.”

சத்தமாகவே வந்துவிட்டது. கூ திரும்பிப் பார்த்தார்.

“பரிசு முடிவாகாம பேரைப் பாக்கக் கூடாது சார். விதி.”

அவர் கை குண்டூசியிலேயே நின்றது. விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். “சரி. அப்ப முடிவு பண்ணிடுவோம். இதுக்குப் பரிசு இல்ல. முடிஞ்சுதா? இது இனிமே போட்டிச் சமாச்சாரம் இல்ல, என் சமாச்சாரம்.”

“பரிசு உண்டு,” என்றாள் இன்-சுக்.

“இப்பத்தானே டீச்சர்…”

“திருத்தினாப் போதும். ஒவ்வொரு வருஷமும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கைவைக்கிறதுதானே. அமைப்பு நல்லாருக்கு. நீங்க சொன்னது சரிதான், இதுதான் இருக்கறதுலயே நல்லது. ரெண்டே இடம் தப்பு. கண்ணு, கை. கண்ணைக் கூர்மையாக்கினா பாக்கப் பாவமா இருக்கறது போயிடும்.”

“கைக்கு என்ன தப்பு?”

“பிள்ளைக்கு விரல் வரைய வரல. ரெண்டு விரலு பாதியில நிக்குது. கண்ணு நேரா அங்க போய் விழுது. ஒற்றனை விட்டுட்டு விரலை எண்ணுவாங்க.”

கூ குனிந்து பார்த்தார். எண்ணினார். அவர் உதடு அசைந்தது அவளுக்குத் தெரிந்தது.

“அது வாஸ்தவம் ஐயா,” என்றார் எம் பின்னாலிருந்து. “ஒரு தடவை பேனர்ல கதாநாயகிக்கு ஆறு விரல் போட்டுட்டேன். ஒரு வாரம் கொட்டகையில கூட்டம். படம் பாக்க ஒருத்தன் வரல. கடைசியில முதலாளி என் விரலைத்தான் எண்ண வந்தாரு.”

கூவின் வாயோரம் முதல் தடவையாகச் சற்று இளகியது.

“இப்பவே திருத்த முடியுமா?”

“முடியும்.”

“என் முன்னாடியே செய்யுங்க.”

படத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். எம் தன் பெட்டியைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. வெள்ளை, காவி, நுனியளவு மஞ்சள். தட்டில் குழைத்து, படத்தின் மேல் ஒரு துளி வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தார். ரேடியோ வெளிச்சத்தில் நனைந்த தோல் நிறம் அச்சாக வந்தது. தூரிகையை அவளிடம் நீட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூ மேசையின் மேல் கையூன்றிக் குனிந்து நின்றார். அவர் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

மோதிர விரலுக்கு ஒரு இழுப்பு. தூரிகை நடுங்கினால் அவ்வளவுதான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஓவியக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று அவர் நினைக்கட்டும். சுண்டு விரலுக்கு இன்னொரு இழுப்பு. நகத்துக்கு ஒரு புள்ளி வெள்ளை.

பிறகு கண். மி-ரான் கண்ணை அரைவட்டமாக, கீழே தாழ்ந்து, தூக்கம் மிஞ்சியதாக வரைந்திருந்தாள். இன்-சுக் கருப்பைத் தொட்டு ஓரத்தை மேலே இழுத்தாள். வாயை நேர்கோடாக்கினாள். கன்னத்து வெளிச்சத்தின் மேல் நீலம் பூசினாள். நான்கு தீற்றலில் அங்கே வேறொருவன் இருந்தான். போர்வைக்குள்ளிருந்து அவளையே பார்த்தான்.

“ஆங்,” என்றார் கூ. “இப்ப பயமா இருக்கு.”

ஈரம் காயும்வரை காத்திருந்தார்கள். அதன் பிறகு அவர் திருப்பினார்.

“பே மி-ரான். நாலாம் வகுப்பு. மேட்டுச் சந்து.” வாயில் பெயரை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “பே… வடக்கே போய்வந்தவங்க பட்டியல்ல ஒரு பே இருக்கானே?”

எம் தூரிகையைத் துணியில் துடைத்தார்.

“அவன் மகளா இருந்தா ரொம்ப நல்லது. அப்படிப்பட்ட வீட்டுல இப்படி ஒரு பிள்ளை.” பெயரைக் குறித்துக்கொண்டார். “பத்தொம்பது பேர் கோப்பு இருக்கு டீச்சர், ஒண்ணுகூட இன்னும் பிரிக்கல. இனிமேத்தான் ஒவ்வொண்ணாப் படிக்கணும். மேட்டுச் சந்துலதானே நீங்களும் இருக்கீங்க?”

“ஆமா.”

“சங்கு ஊதினதும் நானே சந்து சந்தா நடக்கலாம்னு இருக்கேன். பாத்துக்கலாம்.”

அங்க அடையாளம் என்று கில்-மன்னின் கோப்பில் ஒரு வரி இருக்கும். என்றாவது அதைப் படிப்பார். படிக்கும்போது, இன்று குனிந்து எண்ணியது ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம்.

பத்தாம் நாள் சுவரொட்டிகள் வந்தன. ஊர் முழுக்கக் கருநீலம். எல்லாக் கம்பத்திலும் அந்தக் கண் இருந்தது. மி-ரானுக்கு ஆறு நோட்டுப் புத்தகமும் வண்ணப் பென்சில் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் இன்-சுக்கின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், அப்பா விரலை மாத்திட்டாங்க.”

இன்-சுக் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். “அது அப்பா இல்ல.”

“அப்பாதான். ரேடியோ கேக்குறவங்கள வரையணும்னு சொன்னாங்க. பாத்ததை வரையணும்னு தாள்ல இருந்துச்சு. நான் பாத்தது அப்பாவைத்தானே?”

“இல்ல. நீ யாரையும் பாக்கல. மனசுல தோணுச்சு, வரைஞ்சே. யார் கேட்டாலும் அதுதான். சொல்லு.”

“மனசுல தோணுச்சு.”

“இன்னொரு தடவை.”

“மனசுல தோணுச்சு.” குழந்தை பெட்டியை இறுக்கிக்கொண்டாள். “நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டீச்சர்?”

“தப்பில்ல. நல்லாத்தான் வரைஞ்சே.” இன்-சுக் கதவைத் திறந்து அவளை அனுப்பினாள்.

கில்-மன் குழாயடியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். இன்-சுக்கைப் பார்த்ததும் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

“ஏலக்கூடத்துல பாத்தேன் டீச்சர்.”

“என்னத்தை, மி-ரான் அப்பா?”

“படத்தை. அவனுக்கு விரலு எல்லாம் முழுசா இருக்கு.” தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: “கொடுத்துவச்சவன்.”

அன்றிலிருந்து சுவர் வழியாக ரேடியோ கேட்கவில்லை.

அந்தச் சந்தில் யார் வீட்டிலும் கேட்கவில்லை. நாலு மணிச் சங்கு ஊதும். பிறகு நிசப்தம். பூட்ஸ் மாட்டும் சத்தம், கதவு, இறக்கத்தில் இறங்கும் காலடிகள். ஆண்கள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். சங்குக்குப் பிறகு வேறொரு காலடியும் வந்தது. மீனவர் நடையல்ல, குதிகால் அழுந்தும் நடை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் கொஞ்சம் நிற்கும். பிறகு நகரும்.

ஜூலை முதல் வாரம் ஒரு விடியலில் இன்-சுக் சங்குக்கு முன்பே விழித்தாள். காற்று திசை மாறியிருந்தது. சன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் ஆடியது. சந்துப் பக்கம் அந்தச் சன்னல் ஒன்றுதான், அதற்குத் திரை இல்லை. வாங்கவேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்து வாங்காத திரை.

சங்கு ஊதியது. சுவருக்கு அந்தப் பக்கம் கில்-மன் எழுந்திருப்பது கேட்டது. ரேடியோ பெட்டியின் மேல் கை படுவது கேட்டது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கை விலகிவிட்டது. பூட்ஸ் ஒன்று மாட்டும் சத்தம்.

அவளிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. பாட்டுக்காக வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். குமிழைத் திருப்பினாள். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

சத்தம் சுவரைத் தாண்டுகிற அளவுக்கு ஏற்றினாள். வேறு யாருக்கும் கேட்காத அளவு எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“…கிழக்குக் கடலின் நடுப்பகுதியில் அலை நான்கு மீட்டர் வரை. சிறு படகுகள்…”

சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, மெதுவாக, பூட்ஸ் ஒன்று கழன்று தரையில் விழுந்தது.

அணைத்துவிடலாம். ஆனால் அடுத்த வீடு இருந்தது. அதற்கடுத்த வீடும் இருந்தது. மண்சுவர்கள்தான் எல்லாம்; அங்கும் யாரோ பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அறிவிப்பாளர் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

இறக்கத்தின் கீழே குதிகால் அழுந்தும் நடை கேட்டது.

இன்-சுக் குமிழைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் மஞ்சளாக இருந்தன. போர்வை முதுகிலிருந்து நழுவியிருந்தது. இந்த அறை முழுக்க இருட்டு, ஒரே ஒரு வெளிச்சம், அதில் ஒரு முகமும் ஒரு கையும். பத்தடி தள்ளி, சந்தில் நிற்கிற எவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும்.

அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. அறிவிப்பு முடியும்வரை கையையும் எடுக்கவில்லை.